மேட்டுத் தொட்டியின் பதில்

எங்கள் ஊரைக் கோடு போட்டுப் பிரித்தவர்கள் தண்ணீர்க் குழாயை மறந்துவிட்டார்கள். பம்பு எங்கள் பக்கம். தண்ணீர் ஏறி நிற்கும் மேட்டுத் தொட்டி அவர்கள் பக்கம். அங்கிருந்துதான் இரண்டு பக்கத் தெருக்களுக்கும் இறங்குகிறது. எல்லை வாயிலைப் பூட்டினார்கள், தொலைபேசிக் கம்பியை அறுத்தார்கள். அன்றிலிருந்து இரு பக்கத் தலைவர்களும் ஒருவரையொருவர் திட்டாத நாள் இல்லை. குழாயில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

பேச வழியற்றுப்போன பம்பு அறைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வால்வுச் சக்கரத்தைச் சற்றே மூடித் திறந்தால் அந்தப் பக்கத்து அழுத்தமானியில் முள் ஆடும். அங்கே திருப்பினால் இங்கே ஆடும். இரண்டு ஆட்டம், சிறு இடைவெளி, மறுபடி ஒன்று என்றால், வேலை இருக்கிறது, தொட்டியை மூடுங்கள். பதிலுக்கு ஓர் ஆட்டம் வந்தால் சரி என்று அர்த்தம்.

அந்த அறையில் என் மனைவி வேலை பார்த்தாள். போன மாதம் காய்ச்சலில் இறந்தாள். மேல்மாடியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த என்னை அவள் நாற்காலிக்கு மாற்றினார்கள். எங்கே உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

அதுவரை சக்கரத்தைத் தொடும் வேலை எனக்கு வரவில்லை. அன்று காலை அறைக்கு வெளியே குழாய் இணைப்பில் விரிசல். எங்கள் ஃபிட்டர் அவளுடைய அண்ணன். பள்ளத்தில் இறங்கி, ரப்பர் பட்டையால் விரிசலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டிவிட்டது. கையை எடுத்தால் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். தொட்டி மொத்தமும் அவர் மேல் இறங்கும்.

சக்கரத்தைத் திருப்பினேன். பதில் இல்லை. மறுபடி திருப்பினேன். முள் அப்படியே நின்றது.

மச்சான் பள்ளத்திலிருந்தபடியே காரணம் சொன்னார். எப்போதோ ஒரு சிப்பாய் பொழுது போகாமல் இந்தச் சக்கரத்தோடு விளையாடிவிட்டுப் போனானாம். அன்று இரண்டு பக்கத்திலும் யாரும் குளிக்கவில்லை. அதிலிருந்து, பழகாத கை கேட்டால் அவர்கள் மூடுவதில்லை.

"நீ பரீட்சை எழுதற மாதிரி திருப்பற, மாப்பிள்ளை. அவ குழந்தைக்குத் தலை வாரிவிடற மாதிரி திருப்புவா. நிதானமா பண்ணு. ஆனா சீக்கிரம் பண்ணு, எனக்கு நீச்சல் தெரியாது."

கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டுக் குழாயை மூடும்போதுகூட அவள் கை அவசரப்படாது. அந்தக் கையை நினைத்துத் திருப்பினேன்.

முள் ஒருமுறை ஆடியது.

பம்பை நிறுத்தினேன். முள் சரிந்து சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. துப்பாக்கிகளுக்கு அப்பால், நான் பார்த்தே இராத யாரோ ஒருவர் என் மச்சானுக்காகச் சக்கரம் சுற்றியிருக்கிறார். எனக்குப் புல்லரித்தது. இந்த ஒரு மாதத்தில் என் உடம்பு எதற்கும் அசைந்ததில்லை.

மச்சான் புது இணைப்பை முடுக்கிவிட்டு மேலே வந்தார். அவர்கள் மூடினார்களே என்று நான் வியந்ததற்கு, அவங்களுக்கும் பல்லு விளக்கணும்ல என்றார், கால்சட்டையைப் பிழிந்துகொண்டே.

பம்பை மறுபடி ஓட்டினேன். வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அவர்கள் தொட்டியை முழுதாகத் திறந்துவிடுவது வழக்கம். இந்த முறை கொஞ்சம் திறந்து நிறுத்தினார்கள். மறுபடி கொஞ்சம். முள் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. மச்சான் துணி பிழிவதை நிறுத்தினார்.

"வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்குத்தான் இப்படிப் பார்த்துப் பார்த்துத் திறப்பாங்க. அவ சேர்ந்த அன்னிக்கும் இப்படித்தான். அவகிட்ட வேலை பழகின கைன்னு நம்பித்தான் மூடியிருக்காங்க. ஆனா அவ இல்லைன்னும் கண்டுபிடிச்சிட்டாங்க."

அப்போது முள் லேசாக நடுங்கியது. இப்படிப் பழுது வேலை முடிந்ததும் அவளும் அவர்களும் அப்படித்தான் விடைபெற்றுக்கொள்வார்களாம். அவளைக் கேட்கிறார்கள் என்றார் மச்சான்.

அவள் இறந்ததைச் சொல்ல எங்களிடம் ஆட்டம் எதுவும் இல்லை. நான் சக்கரத்தைப் பிடித்தபடி, திருப்பாமல் நின்றேன். முள்ளும் அசையாமல் காத்திருந்தது.

பிறகு அங்கே மீதியையும் மெல்லத் திறந்தார்கள். தண்ணீர் முழுதாக ஓடத் தொடங்கியது சக்கரம் வழியாக என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. மச்சான் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டும் கசியவில்லை.