நீலம் சொட்டிய இடம்

தயாபரனின் காருக்குக் கீழே காலையில் ஈரம் கிடப்பதை முதலில் கண்டுபிடித்தவர் தயாபரன் அல்ல, வேலிக்கு அந்தப் பக்கத்துச் சிவலட்சுமி. ஸ்கந்தபுரத்தின் அந்த ஒழுங்கையில் எது ஒழுகினாலும் அவருக்குத்தான் முதலில் தெரியவரும். சனிக்கிழமை முற்றம் கூட்டிக்கொண்டே, "அண்ணை, உங்கட காருக்கு இரவில ஒண்டுக்கு எழும்பிற வருத்தம் வந்திட்டுது போல," என்றார். அறுபத்துநாலு வயதில் அந்த வருத்தம் தயாபரனுக்கும் இருந்தது. அதனால் அவர் சிரிக்கவில்லை.

கார் பழைய சிறி எழுத்து நம்பர்த் தகடு போட்டது. நாற்பது வயது தாண்டியது. பொனற்றைத் தூக்கிப் பார்த்தபோது, முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற டாங்கி வறண்டு கிடந்தது. மறுபடி நிரப்பினார், ஒழுகியது. எங்கேயிருந்து என்பதுதான் பிடிபடவில்லை. இறப்பர்க் குழாயும் ஈரம், டாங்கியும் ஈரம், அதைத் தாங்கும் தகரமும் ஈரம். யோசித்துவிட்டு வேலியடிக்குப் போய், வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலம் கொஞ்சம் கேட்டார். "ஏன், கார் வெளுக்கப் போறியளோ?" என்று கேட்டுத்தான் சிவலட்சுமி போத்தலைத் தந்தார். நீலம் கலந்த தண்ணீர் கால் மணித்தியாலத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது. டாங்கியின் அடியில் மோட்டர் செருகியிருக்கும் இடத்தில், வெடித்துப்போன இறப்பர் வளையத்திலிருந்து ஒரு நீலத் துளி திரண்டு, யோசித்து, விழுந்தது. அந்த வளையம் இனி எந்தக் கடையிலும் வராது. பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிப் போடலாம். ஆனால் அதற்குத் திங்கட்கிழமைதான் வசதி. அதுவரைக்கும் மிச்ச நீலத் தண்ணீர் டாங்கியிலேயே கிடக்கட்டும் என்று விட்டார். நாளைக்கு ஞாயிறு.

ஞாயிறு என்றால் தயாபரன் பத்து மணிக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, பரந்தனில் இருக்கும் மகள் தேனுகா வீட்டுக்குச் சாப்பிடப் போவார். மனுசி செத்த பிறகு நாலு வருசமாக ஊர் கண்ட வழக்கம் அது. ஊர் காணாதது ஒன்றும் இருந்தது. சித்திரை வருசத்தன்று, மருமகன் கிருபனின் ஆட்கள் எல்லாரும் இருந்த பந்தியில் தயாபரன் ஒரு பகிடி விட்டார். மருமகனுக்குப் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதினையில் அப்படி ஒரு பிடிப்பு, மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்று. எல்லாரும் சிரித்தார்கள். கிருபன் பாதிச் சோற்றில் எழும்பிக் கை கழுவினான். படலை வரைக்கும் கூட வந்த தேனுகா, "கொஞ்ச நாளைக்கு வராதேங்கோப்பா, நானே போன் எடுக்கிறன்," என்றாள். நாலு மாதம் கழிந்தது. அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. பகிடி விட மட்டும் பழகிய வாய்.

அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா? ஒரு ஞாயிறு கார் அசையாமல் நின்றால் பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுக்கக் காரணம் தெரிந்துவிடும். தனியாக இருப்பதைத் தாங்கலாம், "பாவம், மகளும் விட்டிட்டாள்" என்பதைத் தாங்க ஏலாது. ஆகவே பத்து மணிக்குப் புறப்பட்டு, பரந்தன் பக்கம் திரும்பாமல் குளக்கட்டுக்குப் போவார். தண்ணீர் திறந்துவிடுகிற துருசடிக் கொங்கிறீற்றில், மருத மர நிழலில் காரை நிறுத்தி, இரண்டு பேக்கரிப் பணிசும் கதலிப்பழமும் தின்றுவிட்டு மூன்றரை வரை இருப்பார். சிவலட்சுமி மகளுக்கென்று கொடுத்துவிடும் முருங்கைக்காயையும் ஊறுகாயையும் தானே தின்று, போத்தலைக் குளத்தில் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளைக்கு நல்லாப் பிடிச்சதாம் என்று கொடுப்பார்.

அந்த ஞாயிறும் அப்படியே கழிந்தது. திரும்பி வந்து இறங்கியபோது சிவலட்சுமி படலையில் நின்றார்.

"இண்டைக்கு என்ன கறி அண்ணை?"

"நண்டு. மருமகன் நாயாத்துக் கடலில இருந்து கொண்டுவந்தவர். கால் ஒவ்வொண்டும் இந்தப் பருமன்."

பொய்க்குக் கைவிரலால் அளவும் காட்டினார். பொழுதுபடும் நேரம் சிவலட்சுமியின் மனுசன் ராசு குளக்கட்டிலிருந்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்தார். வெள்ளைக் கன்றின் வாயெல்லாம் நீலம். உடுப்பு ஊறவைத்த வாளிக்குள் தலையை விட்டிருக்கும் என்று நினைத்துத் தயாபரன் தனியே நின்று சிரித்தார். கன நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

திங்கட்கிழமை சைக்கிள் ரியூப்பில் வளையம் வெட்டி, சோப்புப் பூசி, மோட்டரை அழுத்திச் செருகினார். ஒழுக்கு நின்றது. அந்தக் கிழமை முழுக்க சிவலட்சுமி காரைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. அதைத் தயாபரன் கவனித்தார், காரணத்தைத் தேடவில்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வேலிக்கு மேலால் ஒரு பார்சல் நீண்டது. வாழையிலையில் சுற்றிப் பேப்பரில் கட்டியது. அடியில் சூடு.

"மகளிட்டக் குடுங்கோ," என்றார் சிவலட்சுமி. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வழக்கமாகக் கேட்பவர், அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் போய்விட்டார்.

துருசடியில் காரைத் திருப்பும்போதுதான் கண்டார். போன ஞாயிறு கார் நின்ற இடத்தில், கொங்கிறீற்றில், சுளகளவு நீலம் காய்ந்து கிடந்தது. நடுவில் நக்கிய அடையாளம். சுற்றிக் கன்றின் குளம்படிகள், பக்கத்தில் ராசுவின் செருப்படி.

காரை நிறுத்தினார். பார்சலை மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்தார். ஒரு ஆளுக்கு அளவான சோறு. மேலே நண்டு. கால் ஒவ்வொன்றும் அவர் காட்டிய பருமன்.

பின்னேரம் படலையடியில் வைத்து என்ன கறி என்று சிவலட்சுமி கேட்டால் என்ன சொல்வது? கேட்காமல் விட்டால் அது இன்னும் பொல்லாதது. வலக்கை குழம்பாகும் வரைக்கும் தின்றார். உறைப்புக் கூடுதல். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வடிந்ததற்கு அதுவே காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். பணிஸ் பை பின்சீற்றில் அவிழ்க்காமல் கிடந்தது. போன் டாஷ்போட்டில் கிடந்தது. தேனுகாவின் நம்பர் அவருக்கு மனப்பாடம், ஆனால் எடுக்கவில்லை.

இடக்கையைக் குறுக்கால் விட்டுக் கார்த் திறப்பைத் திருப்பி, கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற பிடியை இழுத்தார். இரண்டு தாரை எழும்பியது. அதில் இன்னும் இலேசான நீலம் இருந்தது. குளமும் கட்டும் பரந்தனுக்குப் போகிற பாதையும் ஒரு கணம் நீலமாகிக் கலங்கி, வைப்பருக்குப் பின்னால் தெளிந்தன. பிறகு துடைக்க ஒன்றும் இல்லை. வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் கிரீச்சிட்டு அங்கும் இங்கும் போய்வந்துகொண்டிருந்தது. கீழே ஒரு துளியும் விழவில்லை.