காத்தாடிக்குக் கீழே ஞானப்பிரகாசம்

“தலைமாட்டில கூடப் போடு. கால்மாட்டைப் பிறகு பாப்பம்” என்றாள் யூலிற்றா. சொன்னவள், லொறியில் வந்த ஆளின் கைவேலை பிடிக்காமல், தானே குந்தியிருந்து மீன்பெட்டியைக் கிட்ட இழுத்தாள்.

ஐஸைச் சாக்குக்குள் வைத்துக் கட்டையால் உடைப்பது, உடைத்ததை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடைப்பது, சட்டென்று கரைந்துபோகாமல் மேலே மரத்தூள் தூவுவது, இதற்கெல்லாம் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எத்தனை வருசமாக அறக்குளா மீனும் பாரை மீனும் அடுக்கிய கை. இன்றைக்கும் அது தன் பாட்டில் வேலை செய்தது. வேறு யாரோ ஒருத்தியின் கையைப் பார்க்கிறதுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதா கோயிலின் நட்டநடுவில் மூன்று வாங்குகளை ஒன்றாகச் சேர்த்து, பாய் விரித்து, அவள் புருசன் ஞானப்பிரகாசத்தைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரல்களுக்கிடையில் செபமாலை. வாங்குகளுக்குக் கீழே மீன்பெட்டிகள் நிறைய ஐஸ். உடம்பின் இரண்டு பக்கமும் சாக்கில் சுற்றிய ஐஸ். மேலே காத்தாடி சுழன்றுகொண்டிருந்தது. அறுபத்துநாலாம் ஆண்டு ஆவணி மாதம். காட்டுப்பக்கமிருந்து கச்சான் காற்று அடுப்புச் சூட்டோடு வீசுகிற காலம். கடல் கூப்பிடு தூரத்தில் கிடந்தும் முல்லைத்தீவுக் கரைக்கு ஒரு சொட்டுக் கடற்காற்று வரவில்லை.

அந்தக் காத்தாடியின் கதை ஊர் முழுக்கத் தெரியும். கோயிலுக்கு முன்பு கிடுகுக் கூரைதான். அதைக் கழற்றிவிட்டுப் பெருமையாகத் தகரம் போட்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்பது பாண் வேகிற போறணைக்குள் முழங்காலில் நிற்கிற காரியமாகிவிட்டது. தவசு காலத்தில் பெண்கள் பக்கம் பொத்துப்பொத்தென்று மயங்கி விழுந்தார்கள். பங்குச் சுவாமி கூட்டம் கூட்டினார். சனிக்கிழமை மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்து, கரண்டுக்கு லைற் எஞ்சின் ஒன்றும் காத்தாடி ஒன்றும் வாங்குவதென்று முடிவாகியது. காத்தாடியை ஆண்கள் பக்கம் மாட்டுவதா, பெண்கள் பக்கம் மாட்டுவதா என்று இரண்டு கிழமை சண்டை. கடைசியில் நடுவில் மாட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒழுங்காகக் காற்று வரவில்லை.

கூட்டத்தில் எழும்பி நின்று மறுத்தது ஞானப்பிரகாசம் ஒருவர்தான்.

“கடலைப் பாத்த கோயிலுக்குக் காத்தாடி என்னத்துக்குச் சுவாமி? தகரத்துக்கு மேல கிடுகைப் போடுங்கோ. தன்ர பாட்டில குளிரும்.”

கேட்பாரில்லை. கழற்றின கிடுகைத் திரும்ப ஏற்றுவதாவது! காத்தாடி வந்தது. அன்றிலிருந்து அவர் அதற்குக் கீழே ஒரு நாளும் இருந்ததில்லை. பக்கவாசல் படியில் இருந்து, வியர்வையைச் சால்வையால் துடைத்துத் துடைத்தே பூசை கண்டார். அந்த மனிதருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காத்தாடிக்கும் அதே சட்டம், பெற்ற மகனுக்கும் அதே சட்டம்.

ஒரே மகன் மனுவேல். மல்லாவிப் பக்கம் நெல் அரிவு வெட்டக் கூலிக்குப் போனவன், அங்கே குளத்துக் காணியில் குடியேறியிருந்த யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பெண் விமலேஸ்வரியைப் பதிவுக் கந்தோரில் எழுத்து எழுதிக் கட்டிக்கொண்டான். சேதி வந்த அன்று ஞானப்பிரகாசம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வசனம் சொன்னார். “உவன் இனி என்ர வாசல் மிதிக்கக் கூடாது.” அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயர் எடுபடவில்லை. அவனும் வரவில்லை. தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன்.

நேற்று இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்த ஞானப்பிரகாசம் விடியுமுன் போய்விட்டார். யூலிற்றா குசினியில் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தது அவருடைய தம்பி யோசெப் மட்டும். தண்ணீரை இறக்கிக்கொண்டு வரும்போது யோசெப் அண்ணனின் கண்ணை மூடிவிட்டுக்கொண்டிருந்தான். யூலிற்றா செம்பைக் கீழே வைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது ஒரே ஒரு எண்ணம்தான். மனுவேல் தகப்பனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகம் முகமாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

“யோசெப்பு, முல்லைத்தீவுத் தபால் கந்தோருக்குப் போய் மனுவேலுக்குத் தந்தி குடு” என்று அப்போதே சொல்லிவிட்டாள். அவன் சைக்கிளில் போனான். போய் வந்து, “ஓம்” என்றான்.

வீட்டில் வைத்திருக்கிற வெயிலா அது? சூரியன் பனைமட்டத்துக்கு ஏறுமுன்பே வீட்டுக்குள் ஈக்கள் வந்துவிட்டன. ஐஸ் லொறி வைத்திருந்த பரமலிங்கம் முதலாளிக்கு ஆள் அனுப்பியதும், “கோயிலுக்குக் கொண்டு போங்கோ, அங்கதான் காத்தாடி கிடக்கு” என்று சொன்னதும் யூலிற்றாதான். சுவாமி முதலில் தயங்கினார். அடக்கத்துக்கு முன் அரை மணித்தியாலம் கோயிலில் வைப்பது வழக்கம், ஒரு பகல் முழுக்க வைப்பது வழக்கமில்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். அழாமல் நிற்கிறவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் சாவியைக் கொடுத்தார்.

இப்படித்தான் ஞானப்பிரகாசம் காத்தாடிக்குக் கீழே வந்து சேர்ந்தார். அவரைத் தெரிந்தவர்கள் மேலே ஒருமுறை பார்த்தார்கள், அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார்கள். அவருடைய தமக்கை புனிதமலர் மட்டும் மூக்கைச் சிந்தியபடி சொன்னாள்.

“எழும்பினா எங்களையெல்லே ஏசுவான்.”

மத்தியானம் ஆகும்போது ஐஸ் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. தண்ணீர் சீமெந்துத் தரையில் ஓடி, சரிவு இருந்த பெண்கள் பக்கம் போனது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்தார்கள். கோயில் முழுக்க மீன்வாடி மணம். சாம்பிராணி போட்டும் எடுபடவில்லை. யூலிற்றா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியும் துணியுமாகத் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். “நீ விடடி, நாங்கள் செய்யிறம்” என்று யாரோ கையைப் பிடித்தார்கள். விட்டால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

பரமலிங்கம் முதலாளியின் லொறி இரண்டாவது முறையும் வந்து நின்றது. இந்த முறை முதலாளியே இறங்கி வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் ஆண்கள் பக்கத்துத் தூணோடு நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

“இறக்கச் சொல்லுங்கோ” என்றாள் யூலிற்றா. “அவன் வர எப்பிடியும் பொழுதுபடும். மாங்குளத்தில பஸ் மாறி எல்லே வரவேணும்.”

யோசெப் தூணுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தான். காலையிலிருந்து அவன் ஒரு வாய் தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

“மச்சாள், ஐஸ் வேண்டாம்.”

“ஏன்?”

“அடக்கத்தை முடிப்பம்.”

“மனுவேல் வரவேணும்.”

“அவன் வரமாட்டான் மச்சாள்.” யோசெப் குனிந்து ஈரத் தரையைப் பார்த்தான். “நான் தந்தி குடுக்கேல்லை.”

செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஒவ்வொன்றாகக் குறைந்தது.

“அண்ணை கடைசியா என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவர். செத்தாலும் அவன் தன்ர வாசல் மிதிக்கக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டார். சாகிறவனுக்குச் செய்த சத்தியம் மச்சாள். கந்தோர் வாசல்வரைக்கும் போனனான். உள்ளுக்குப் போகக் கால் வரேல்லை.”

புனிதமலர் “என்ர மாதாவே” என்று தலையில் கைவைத்தாள். எல்லோரும் யூலிற்றாவைப் பார்த்தார்கள். இப்போதாவது குளறுவாள், யோசெப்பின் சட்டையைப் பிடிப்பாள் என்று பார்த்தார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கோ தூரத்தில், அடுத்த வீட்டுக்குள் நடக்கிற சண்டைபோலக் கேட்டது. அவள் செத்தவரின் பக்கம் திரும்பினாள். ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டாள்.

“அவர் என்ன சொன்னவர்? சரியாச் சொல்லு.”

“தன்ர வாசல் மிதிக்கக் கூடாதெண்டு.”

“தன்ர வாசல்.”

“ஓம்.”

“இது அவற்ற வாசலே?” என்று கேட்டாள் யூலிற்றா. குரல் உயரவில்லை, சந்தையில் மீன் விலை கேட்கிற குரல்தான். “அவர் வீட்டில கிடந்திருந்தா உன்ர சத்தியம் சத்தியந்தான். நான் ஒண்டும் கதைச்சிருக்க மாட்டன். இப்ப அவர் மாதாவின்ர வாசலுக்குள்ள கிடக்கிறார். இஞ்ச ஆர் வரலாம், ஆர் வரக்கூடாதெண்டு அவர் சொல்லேலாது. நீயும் சொல்லேலாது.”

சுவாமி பீடத்தடியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வேதசாத்திரம் படித்தவர்தான். அவருக்கும் அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

“முதலாளி, உங்கட லொறி மல்லாவிக்குப் போகுமே?”

பரமலிங்கம் கட்டியிருந்த கையை எடுத்தார். “போகும் தங்கச்சி. ஐஸை இறக்கினாக் காணும், இந்தா வெளிக்கிடலாம்.”

“யோசெப்பு, நீயும் ஏறு. நீதான் போய்ச் சொல்ல வேணும்.”

ஐஸ் இறங்கியது. யோசெப் மரத்தூள் கொட்டிக் கிடந்த பின்பெட்டியில் ஏறி இருந்தான். லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒட்டுசுட்டான் பாதையில் திரும்பியது. அதை வழியனுப்ப யூலிற்றா வாசலுக்கு வரவில்லை. கால்மாட்டுப் பெட்டியில் ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பின்நேரம் எஞ்சின் கொதித்துவிட்டது. அதைப் பார்க்கிற செல்வநாயகம், கரி பூசிய கையோடு பக்கவாசலில் வந்து நின்றான்.

“அக்கா, கொஞ்சநேரம் ஆறவிட வேணும். ஒருநாளும் இப்பிடி விடியத் தொடக்கம் ஓடினதில்லை.”

“தண்ணி ஊத்தினா ஓடுமே?”

“ஊத்தி ஊத்தித்தான் ஓட்டவேணும்.”

அவள் கோயில் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் அள்ளினாள். வாளி வாளியாகக் கொண்டுவந்து கொடுத்தாள். கயிறு உள்ளங்கையைத் தேய்த்துத் தோலை உரித்திருந்தது, அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளை மணலில் வெறுங்காலோடு நடந்தாள். சுட்டிருக்க வேண்டும்.

நாலு மணிக்குச் சுவாமி கிட்ட வந்தார். “யூலிற்றா, இனிப் பிந்தினால் சேமக்காலையில குழி மூட இருட்டிப்போகும் பிள்ளை.”

“பெற்றோமாக்ஸ் இருக்குச் சுவாமி.”

“அவன் வராமல் விட்டால்?”

அவள் முகத்தோரச் சாக்கை விலக்கி, புருசனின் முகத்தைக் கிட்டப் பார்த்தாள். உதட்டோரம் கொஞ்சம் கறுத்திருந்தது. மற்றபடி முகம் முகமாகத்தான் இருந்தது. சுவாமியும் குனிந்து பார்த்தார். பிறகு போய் முன்வாங்கில் இருந்து செபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

வெயில் சாய்ந்து, தகரம் சூடு தணிந்து படபடவென்று முறிகிற சத்தம் தொடங்கிய நேரத்தில் லொறி வந்தது. முதலில் இறங்கியவன் யோசெப். பின்னால் மனுவேல். தோள் அகன்று, வயல்வெயிலில் கறுத்து, ஆளே மாறியிருந்தான். சாரத்தில் முழங்கால்வரை மரத்தூள் ஒட்டியிருந்தது. வாசலுக்கு வந்தவன் அதைத் தாண்டாமல் நின்றான்.

யோசெப் அவனைத் தாண்டி உள்ளே வந்து, யூலிற்றாவின் காதோடு சொன்னான். “பெண்சாதி பிள்ளைத்தாச்சி மச்சாள். லொறியில ஏத்தேலாதெண்டு விட்டிட்டு வந்தவன்.”

அவளுக்கு அது கேட்டது. எத்தனையாம் மாதம் என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

“வா” என்றாள் மகனிடம்.

ஆண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். மனுவேல் நடந்து வந்து தகப்பனின் தலைமாட்டில் நின்றான். கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு நெற்றியில் கையை வைத்தான். வைத்த கையை உடனே எடுத்துவிட்டான்.

“என்னம்மா, ஐயா இப்பிடிக் குளிர்ந்துபோய்க் கிடக்கிறார்?”

யூலிற்றாவிடம் அதற்குப் பதில் இருந்தது. விடியற்காலையிலிருந்து அவள் செய்ததெல்லாம் அந்தப் பதில்தான்.

மனுவேல் குனிந்து, இரண்டு பக்கமும் இருந்த ஐஸ் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான். கால்மாட்டில் மடித்துக் கிடந்த வெள்ளைச் சீலையை விரித்து நெஞ்சுவரைக்கும் இழுத்துப் போர்த்தினான். மார்கழிப் பனியில் படுத்திருக்கிறவருக்குச் செய்கிறதுபோல ஓரங்களை உடம்புக்குக் கீழே செருகிவிட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே செய்தான். ஒருவரும் தடுக்கவில்லை.

அவன் செருகி முடிக்கும்வரை யூலிற்றா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கவாசல் பக்கம் திரும்பினாள்.

“ஓடினது காணும் தம்பி. எஞ்சினை நிப்பாட்டு.”

செல்வநாயகம் போனான். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மேலே காத்தாடி வேகம் குறைந்து, மூன்று இறகும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. தகரத்தில் மிச்சமிருந்த சூடு மெல்லக் கீழே இறங்கியது. யூலிற்றா அன்றைக்கு முதன்முதலாக, புருசனின் கால்மாட்டில், அந்த ஈரத் தரையிலேயே காலை நீட்டி இருந்தாள்.