நல்லதுக்கு ஒரு கொடி

மஹய்யாவ மரண உதவிச் சங்கம் எதிர்காலத்துக்கு எப்போதும் தயாராக இருந்தது. மண்சரிவு, வெள்ளம், டெங்கு என்று எதற்கும் தலைவர் சின்னமுத்துவிடம் ஒரு திட்டம் உண்டு. யாராவது கண்ணை மூடினால் அழுகுரல் அடங்குமுன் கூடாரம் நின்றுவிடும்.

"நல்லது ஏதும் நடந்தா என்ன செய்யறதுண்ணே?" என்று ஒரு கூட்டத்தில் செயலாளர் கிருஷ்ணராஜ் கேட்டான்.

"மொதல்ல நடக்கட்டும்," என்று சின்னமுத்து அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிறு காலை நடந்தது. கிருஷ்ணராஜின் கைபேசியில் அவன் காதலி நிரோஷினி.

"அம்மா ஒருவழியா மனசு எறங்கிட்டாங்க. ஆனா உங்க வீட்டைப் பார்க்கணுமாம். கடுகண்ணாவையில பஸ் ஏறிட்டோம்."

"இப்பவா?"

"இன்னிக்கு விட்டா மனசு மாறிடும். அப்புறம் என் கல்யாணத்துக்கு நீங்க பந்தி பரிமாறத்தான் வரணும்."

தாயும் மகனும் மட்டும் இருக்கும் வீடு, ஆத்திர அவசரத்துக்கு ஆளில்லை என்று இரண்டு வருஷமாக மறுத்தவர் அவள் அம்மா இரத்தினம்மா.  கிருஷ்ணராஜின் வீட்டில் உட்கார இருந்தவை இரண்டு கதிரைகள். ஒன்றுக்குக் கால் ஆட்டம். அம்மா வீரம்மா குளித்துக்கொண்டிருந்தாள். சின்னமுத்துவை அழைத்தான்.

"அண்ணே... நம்ம வீட்டுக்குக் கதிரை வேணும்." குரல் நடுங்கியது.

"ஒண்ணும் பேசாத தம்பி. நாங்க இருக்கோம்."

சங்கத்துக் கதிரையை அதுவரை யாரும் சாவைத் தவிர வேறெதற்கும் கேட்டதில்லை. அவன் வீட்டைக் கூட்டி முடிப்பதற்குள் வாசலில் கூடாரம், வரிசையாகக் கதிரைகள், சந்திவரை துக்கத்துக்குக் கட்டும் வெள்ளைக் கொடிகள், அடுப்பில் இழவு வீட்டு வழக்கப்படி சீனியில்லாத தேத்தண்ணி. பெண்கள் வீரம்மாவின் தங்கமான குணத்தைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

ஈரத் தலையோடு வந்த வீரம்மா கதவருகே நின்று நிதானமாகக் கேட்டாள். "இதையெல்லாம் நேத்து தண்ணிக் குழாயடியில சண்டை போட்டப்ப ஒருத்தியும் சொல்லலியே."

கிருஷ்ணராஜ் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரத்தினம்மா சந்தியில் கொடிகளைப் பார்த்துவிட்டார்.

"சகுனமே சரியில்ல. திரும்பிடுவோம் வா," என்றார் மகளிடம்.

அவன் ஓடி வந்து மறித்தான். "யாரும் சாகல அத்தை. நீங்க உட்கார நான் கதிரைதான் கேட்டேன்."

"கதிரை கேட்டதுக்கா இத்தனை பேர்?"

"ஆமா."

"எப்ப கேட்டீங்க?"

"நீங்க பஸ் ஏறின பிறகு."

இரத்தினம்மா கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்ல ஏறி வந்து முன் கதிரையில் உட்கார்ந்தார். "ஆள் இல்லாத வீடுன்னு நெனச்சேன்," என்றார். "சரி, தேதி பார்ப்போம். அந்தக் கொடியை மட்டும் எடுத்திடுங்க."

சின்னமுத்து தலையைச் சொறிந்தார். "ஏத்தின கொடியைச் சும்மா எறக்குற வழக்கமில்லம்மா. நல்லதுக்கு என்ன கொடின்னு தீர்மானமும் இல்ல."

நிரோஷினி நேரே குசினிக்குள் போய், வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்துக்கொண்டு வந்தாள். கொடிகள் ஒவ்வொன்றாக முங்கி எழுந்து, சொட்டச் சொட்டச் சந்திவரை மறுபடி தொங்கின.

"நாளைக்கு யாராவது செத்தா வெள்ளைக்கு எங்க போறது?" சின்னமுத்துவுக்கு மனம் ஆறவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்குவாங்க," என்றாள் வீரம்மா. "மொதல்ல அந்தத் தேத்தண்ணிக்குச் சீனி போடுங்க."