மதிலுக்கு உள்ளே

இடியப்பத்துக்கு மாக் குழைக்க றாஹிலா தண்ணீர் அள்ளினாள். வாளி மேலே வந்ததும் முகர்ந்து பார்த்து, அப்படியே வேலியோரம் ஊற்றினாள். கிணற்றுக்குள்ளும் நாற்றம் வந்துவிட்டது. முதல்நாள்தான் தேநீர்க்கடைக்காரர் நாறுகிறது என்று இடியப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். புருசன் மௌத்தான பிறகு அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டது அந்த இடியப்பம் விற்ற காசில்தான்.

அவள் வாடகைக்கு இருந்தது மீராமுகைதீன் ஹாஜியாருடைய வளவின் பின்மூலையில். முன்னால் அவருடைய கல்வீடு. அந்த வீட்டுக் கக்கூஸ் பைப் இவளுடைய குசினியோரமாக மண்ணுக்குள் ஓடிக் குழியில் விழும். மாரி தொடங்கியபோது அது வெடித்தது.

முறைப்பாடு சொல்ல ஊர்ச் சபைக் கந்தோருக்கு நடந்து நடந்து, ஒருவழியாக அங்கே வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் வந்தார். லேஞ்சியை மூக்கில் பொத்திக்கொண்டு எட்ட நின்று பார்த்தார்.

"இது எங்கட வேல இல்ல. மதிலுக்கு உள்ள இரிக்கிறதெல்லாம் வளவுக்காரர்தான் பாக்கணும்."

"அத அவருக்கிட்டச் சொல்லுங்களன், சேர்."

"அதுவும் எங்கட வேல இல்ல" என்றவர், ஹாஜியாரின் விறாந்தையில் கோப்பி குடித்துவிட்டுப் போனார். பெரிய மனிதர்கள். ஒருவர் வீட்டு மலத்தைப் பற்றி இன்னொருவர் கதைத்தால் மரியாதை கெட்டுவிடும் என்று றாஹிலா நினைத்துக்கொண்டாள்.

றாஹிலா கல்வீட்டு வாசலுக்குப் போனபோது ஹாஜியார் அத்தர் மணக்கப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டு நின்றார்.

"குடியிரிக்கிற ஆக்கள்தான் பாத்துக்கணும் புள்ள. ஒங்கட பக்கத்துலதானே வெடிச்சிரிக்கி."

"அப்ப பைப் எங்கட பொறுப்பா, ஹாஜியார்?"

"ஓம். பின்ன ஆர்ர பொறுப்பு?"

"நல்லம். நீங்க சொன்னாச் சரி."

முக்காட்டை இறுக்கிக் கட்டி, மண்வெட்டியை எடுத்தாள். பைப் தெரியுமட்டும் தோண்டினாள். வெடித்த இடத்தில் பைப்பை உடைத்து, கல்வீட்டுப் பக்கத்து வாய்க்குள் சாக்கையும் தேங்காய் மட்டையையும் திணித்து, களிமண்ணால் அடைத்தாள்.

மறுநாள் கல்வீட்டில் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு இருந்த நேரம். ஹாஜியார் சாரனை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். அன்று அத்தர் மணக்கவில்லை.

"என்ன வேல செஞ்சி வெச்சிரிக்காய்?"

"எங்கட பைப்ப நாங்க பாத்துக்கிட்டம், ஹாஜியார். இனி இஞ்சால ஒழுகாது."

மாரி முழுக்க அகப்படாத மேசன்மார் அன்று அசர் தொழுகைக்கு முன்னமே வந்து சேர்ந்தார்கள். பழைய பைப்பை அவர்கள் தொடவில்லை. மதிலில் துளை போட்டு, புதுப் பைப்பை வெளியே ஒழுங்கைப் பாதைக்குத் திருப்பினார்கள். வளவை விட்டு எழும்பச் சொல்லி றாஹிலாவுக்கு ஆள் வந்தது.

கரத்தையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது ஓவசியர் சைக்கிளில் எதிர்ப்பட்டார்.

"இப்ப பைப் மதிலுக்கு வெளிய வந்திட்டு, சேர்" என்றாள் றாஹிலா.

அவர் இறங்கி, காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, கறுத்த நீரைத் தாண்டி, ஹாஜியாரின் கேற்றுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

ஒழுங்கை கடற்கரைப் பக்கம் சரிந்து கிடந்தது. அதன் கடைசியில், மதில் இல்லாத ஓலைவீட்டின் முன்னால், தோணிக்காரன் பெண்சாதி பூமணி குந்தியிருந்தாள். வந்துகொண்டிருந்த நீருக்கு முன்னால் இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி, தன் கிணற்றைச் சுற்றி வரம்பு கட்டிக்கொண்டிருந்தாள்.