மழுங்காத விளிம்பு

1

இந்தக் கதை ஒரு விளம்பரக் கையேட்டிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செம்பூரில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் சாய்நாத், தானும் தன் சித்தப்பா பெண் ஹரிதாவும் கொண்டுவரப்போகும் ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் வாட்சைப் பற்றி இருநூறு வார்த்தை எழுதித் தரச் சொன்னான். "துல்லியமான இயந்திரங்கள் செதுக்கிய" என்று தொடங்கினேன். ஒருமுறை தாராவிக்குப் போய்வந்த பிறகு அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "கோகிலவாணி என்ற அந்த ஏழைப் பெண்…"

அந்த வரியை அடித்துவிட்டேன். கேட்டால் சண்டைக்கு வருவாள். வயது முப்பத்துநான்கு. தாராவி அறுபதடி ரோட்டுப் பட்டறையில் அறுவைச் சிகிச்சைக் கத்திரிகளுக்கு மெருகு போடுகிறாள். அவள் தலையசைக்காமல் அங்கே ஒரு கத்திரியும் டப்பாவுக்குள் போகாது.

இரண்டாவது தொடக்கம், வாட்சிலிருந்து. வாட்சின் உடலைக் கேஸ் என்கிறார்கள். ஹரிதா வரைந்த கேஸின் மேல்பரப்பு பளபளக்காது. நேர்நேரான மெல்லிய இழைகள் ஓடும். அதை ஒட்டி இறங்கும் சரிவு மட்டும் கண்ணாடிபோல மின்னும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விளிம்பு. இந்த வகை வாட்சில் தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. வெறும் எஃகை ஆசைப்பட வைப்பது அந்த விளிம்புதான்.

(எந்த எஃகு என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு மாதச் சண்டை. பெருமையடிக்க வசதியாக, அரிதான 904 ரக எஃகு வேண்டும் என்றான் சாய்நாத். பம்பாய் வேர்வைக்கு 316 போதும், கீறல் விழுந்தால் சரிசெய்யவும் ஆள் கிடைக்கும் என்றாள் ஹரிதா. அவள்தான் ஜெயித்தாள்.)

3

முதல் மாதிரி தோற்றது. ஏதோ ஒரு தொழிற்சாலையில் மெருகு போட்டு வந்தது அது. பெரிய கடைகளுக்கு வாட்ச் தேர்வு செய்யும் அனந்தநாராயணன் கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்தார். "விளிம்பு கரைஞ்ச சோப்பு மாதிரின்னா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதுவும் போனால் இரண்டு வருட உழைப்பும் போச்சு.

"முழுசும் பாலிஷ் பண்ணிடலாம், கோன் தேக்தா ஹை? யாரு பாக்கப்போறா?" என்றான் சாய்நாத்.

"நான் பார்ப்பேன்" என்றாள் ஹரிதா.

செவ்வாய்க்கிழமை, மெருகு போடாத மூன்று கேஸ்களோடு நாங்கள் மூவரும் தாராவியில் கோகிலவாணியின் பட்டறைக்குப் போனோம். கோகிலவாணி தோற்ற மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் நம்ம கத்திரி மாதிரி ஸ்டீலுல்லா? இதுக்குப் போயி துணிச்சக்கரத்தக் குடுத்திருக்காங்க. துணி வளையும் மேடம். வளைஞ்சா ஓரத்தத் தின்னுரும்."

"அப்போ எப்படிப் பண்றது?"

"சொல்லுதேன். மொதல்ல ஒண்ணு ரெண்டு கெடும், பரவால்லயா?"

முதல் கேஸ் அன்றைக்கே கெட்டது. இரண்டாவது புதன்கிழமை. [அவள் மனம் தளர்ந்தாள் என்று எழுதியிருந்தேன். பொய். அவள் அதற்குள் மூன்றாவதைக் கையில் எடுத்திருந்தாள்.]

4

சாய்நாத்தை வில்லனாக்க எனக்கு ஆசை இருந்தது. வியாழக்கிழமை அதைக் கெடுத்துவிட்டது.

அன்று மிஞ்சிய மூன்றாவது கேஸில் அவள் வேலையின் வரிசையை மாற்றினாள். முதலில் சரிவைக் கெட்டியான, தட்டையான தட்டில் தேய்த்துக் கண்ணாடிபோல மின்னவைத்தாள். அதன்மேல் டேப் ஒட்டி மூடினாள். பிறகு ஒரு கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, மேல்பரப்பை அதில் கவிழ்த்தாள். பலகை நழுவியது. சாய்நாத் தேய்த்த சட்டையோடு தரையில் மண்டிபோட்டு இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தான்.

"அசைக்காதிய சார். முன்னயும் பின்னயும் தேச்சா இழை கலைஞ்சிரும். ஒரே இழுப்பு."

இழுத்தாள். டேப்பை உரித்தாள். ஹரிதா ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ கோகிலா, விளிம்பு கூர்மையா நகத்துல தட்டறதே!"

5

"கோகிலவாணி வெளியே காத்திருந்தாள்" என்று என் கை தானாகவே எழுதப் பார்த்தது. அப்படி நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை அனந்தநாராயணனின் மாட்டுங்கா ஆபீஸில் ஹரிதா அவளை நடு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அனந்தநாராயணன் கேஸை லென்ஸில் நெடுநேரம் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யார் பண்ணினது இது?"

சாய்நாத் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது.

"நாந்தான். ஜன்னல் பக்கமாத் திருப்பிப் பாருங்க சார், இன்னும் நல்லாத் தெரியும்."

அவர் திருப்பினார். சிரித்துவிட்டார். "என்னோடதை இனிமே கட்டிக்கவே தோணாது போலிருக்கு. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை வரும்?"

"நாலு. அஞ்சாவது கேட்டா அது என் வேலையா இருக்காது."

"நாலே போறும். முதல்ல முந்நூறு அனுப்புங்கோ."

6

ஹரிதா கோகிலவாணி பக்கம் திரும்பினாள். "கோகிலா, இது இனிமே நம்ம மூணு பேர் வாட்ச். உங்களுக்கு என்ன வேணும், கேளுங்கோ."

கோகிலவாணி கொஞ்சமும் யோசிக்காமல் கேட்டாள். சாய்நாத் அடித்த விசிலில் பக்கத்து ஆபீஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அனந்தநாராயணன் "பேஷ்" என்று மேஜையைத் தட்டினார். அவள் கேட்டதை நானும் என் காதால் கேட்டேன். மூன்று விதமாக எழுதியும் பார்த்தேன். மூன்றுமே அந்த அறையில் ஒலித்த குரலுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

அதனால் அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளும்படி உங்களிடம் விடுகிறேன். ஒரே நிபந்தனை: அவளைச் சின்னதாக எதையும் கேட்க வைத்துவிடாதீர்கள்.