தூணில் எழுதிய பெயர்கள்

காரைக்காலில் நாத்தனார் மகள் நிக்காஹை முடித்துக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக உப்பளம் பேட்டைக்கு வந்தேன். அன்று மதியம் சென்னையிலிருந்து அறக்கட்டளைக்காரர்கள் எங்கள் அருங்காட்சியகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. ஒட்டடை அடித்திருக்கிறார்களா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு நடை பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன். வாசல் கதவைப் பார்த்ததும் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. அதில் கல்யாண வீட்டு தம்ரூட் இனிப்பு இருந்தது, அதைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதவு, அசல் பர்மா தேக்கு. அதன் இடது பலகையில் சிவப்பு எனாமல் பெயிண்டில், கொட்டை எழுத்தில், ‘உபயம்: லமீஸ் சிக்கன் சென்டர்’ என்று எழுதியிருந்தது. வலது பலகையில் ஒரு டயர் கடை. நிலையின் மேல் மேட்டுப்பாளையத்து பிளாஸ்டிக் கம்பெனி ஒன்று, செல்போன் நம்பரோடு. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

நம் ஆட்கள் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட, வெளிச்சம் மறைந்தாலும் பரவாயில்லை, அதன் மேல் பெயர் தெரிய வேண்டும். கோயில் படியில், பள்ளிவாசல் மின்விசிறியின் இறக்கையில், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அந்த ‘உபய’த்தைப் படித்துப் படித்து எழுத்துக் கூட்டக் கற்றவள்தான் நானும். ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பஞ்சாலையின் பண்டகசாலை. ஆலையை மூடிய பிறகு தொழிலாளர்கள் கெஞ்சிக் கூத்தாடி இதை வாங்கி, ஒரு பழைய தறி, சங்கு ஊதும் எந்திரம், கொஞ்சம் போட்டோக்கள் என்று வைத்து அருங்காட்சியகமாக்கினார்கள். அரசுப் பள்ளியில் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான், பதுருன்னிசா, அதற்குச் செயலாளர். போன மழையில் கூரையின் ஒரு மூலை உட்கார்ந்துவிட்டது. அடுத்த மழைக்குள் சரி செய்யாவிட்டால் சீல் வைத்து இடித்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஊர் எவ்வளவு திரட்டுகிறதோ அதைப் போல நாலு மடங்கு தருகிறோம் என்று அந்த அறக்கட்டளை முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவர்களுடைய ஆர்க்கிடெக்ட் வந்து பார்க்கும்வரை பழைய மரத்திலும் சுண்ணாம்புச் சுவரிலும் யாரும் கை வைக்கக் கூடாது.

இதை நான் கமிட்டியில் தொண்டை வறளச் சொல்லியிருந்தேன். தலைவர் தேவதாஸ் அண்ணன் எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டினார். ஆலையில் தறி ஃபிட்டராக இருந்தவர், யூனியன்காரர், மைக் கிடைத்தால் விடமாட்டார். வசூல் முழுக்க அவர் பொறுப்பு. தேங்காய்த்திட்டு மீன் ஏலக்காரர்களிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுவரை ஒரு இடம் விடாமல் ஏறி இறங்கியிருந்தார்.

போன் போட்டதும் வந்தார். கூடவே பெயிண்டர் அம்மாவாசை, காதில் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு. நான் கத்திய கத்தலில் எதிர்ச்சாரி டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

“கை வைக்கலையே டீச்சர்,” என்றார் அண்ணன், உண்மையிலேயே புரியாமல். “பேருதான் எழுதினோம்.”

உள்ளே போனேன். கூடத்தின் தேக்குத் தூண்கள் அத்தனையிலும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் படிக்க ஓடவில்லை, சிவப்பு மட்டும்தான் கண்ணில் நின்றது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. மதியம் மற்றவர்களோடு வரவேண்டிய ஆர்க்கிடெக்ட் காலையிலேயே தனியாக வந்துவிட்டாள்.

பெயர் கலைமகள். முப்பத்தைந்து வயது இருக்கும், சிரித்த முகம். கதவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கூடத்துக்குள் வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு தூணாகச் சுற்றிவந்து போட்டோ எடுத்தாள், நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

“மேடம், இதுல ஒரு எழுத்து இருந்தாலும் பணம் தரச் சொல்லி நான் கையெழுத்துப் போட முடியாது. பெயிண்ட் இன்னும் இறுகல. தின்னர் வச்சுத் துடைச்சா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. விட்டா உள்ள இறங்கிடும், அப்புறம் என்னாலயும் காப்பாத்த முடியாது.”

இன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், சாயங்காலத்துக்குள் போட்டோ அனுப்புகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. பெயர்களை வேண்டுமானால் தனியாக ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மாவாசையிடமிருந்து தின்னர் டப்பாவைப் பிடுங்கினேன். சிக்கன் சென்டரை அழித்தேன், டயர் கடையை அழித்தேன், ஸ்டூல் போட்டு ஏறி பிளாஸ்டிக் கம்பெனியையும் செல்போன் நம்பரோடு அழித்தேன். ஒவ்வொன்றும் போகப் போக மனசு குளிர்ந்தது. அண்ணன் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. கோபத்தில் அதைக் கவனிக்கவும் இல்லை.

துணியை நனைத்துக்கொண்டு முதல் தூணுக்கு வந்தேன். அப்போதுதான் படித்தேன்.

‘வேம்பு, ஸ்பின்னிங்.’ அதற்குக் கீழே ‘ஆதிலட்சுமி, கழிவுப் பஞ்சு.’ அதற்குக் கீழே ஒரு தறிக்காரர், ஒரு பாய்லர்காரர். எதிலும் உபயம் இல்லை, கடை இல்லை, நம்பர் இல்லை. வேம்பு எனக்குத் தெரிந்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே போனவர். அடுத்த தூணுக்குப் போனேன். அதிலும் எல்லாரும் இறந்தவர்கள். துணியைப் பிடித்த கையைக் கீழே இறக்கினேன்.

“காசு குடுத்தவங்க பேரு இல்லியா இது?” என்றேன்.

“கடைக்காரங்கதான் அவங்க பேரக் கேட்டாங்க,” என்றார் அண்ணன். “நம்ம சனம் எதுவும் கேக்கல. எங்க வூட்டு ஆளு பேர எழுதுவியான்னு மட்டும் கேட்டுது.”

அதைப் பலகையில் எழுதியிருக்கலாமே என்றேன்.

“மில்லு கேட்டாண்ட ஒரு பித்தளப் பலக இருந்திச்சே, நெனப்பு இருக்கா? வேலையில செத்தவங்க பேரு போட்டது. மில்ல மூடின மறு வாரமே எடைக்குப் போட்டுட்டானுங்க. பலகைய யாரு வேணா கழட்டலாம் டீச்சர். தூணக் கழட்டினா கட்டடமே வுழுந்துடும். எவனும் கை வைக்க மாட்டான்னு நெனச்சேன்.”

சுவரில் ஆலையின் பழைய பிரெஞ்சு டைரக்டர் முசே லெகோந்தின் படம் மாட்டியிருந்தது. அதன் கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர், பிறந்த ஊர், வருஷம் எல்லாம் இருக்கிறது. பக்கத்துப் போட்டோவில் முப்பது நாற்பது பேர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அதன் கீழே ‘தொழிலாளர்கள், சாயப் பிரிவு’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டையும் எழுதியது நான்தான். இரண்டாவது வரிசையில் நிற்பவர் என் வாப்பா.

திரும்பினேன். கடைசித் தூணில், சரியாக என் கண் மட்டத்தில் இருந்தது. ‘தாஜுதீன், சாயம்.’

நான் வாப்பா பெயருக்கென்று எதுவும் கொடுக்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். நீங்க ஊர்ல இல்ல, விட்டுப்போயிடக் கூடாதுன்னு நான்தான் போட்டேன் என்றார். வாப்பாவின் கை எப்போதும் நீலமாக இருக்கும். எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகாது, உம்மா சலித்துக்கொண்டே இருப்பார். அடக்கத்துக்குக் கபன் துணி சுற்றும்போதுகூட நகக்கண் நீலமாகத்தான் இருந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கூச்சமில்லாமல் அழுதேன்.

சனங்கள் வர ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வந்து பெயரைப் பார்க்கலாம் என்று அண்ணன் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். நல்ல துணி உடுத்திக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு வந்தார்கள். இத்தனை வருஷத்தில் பாதிப் பேர் இந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. வேம்புவின் மனைவி அஞ்சலாட்சி, மீன் விற்கிறவர், பூச்சரத்தோடு வந்து கணவர் பெயருக்கு மேலே தூணில் கட்டினார். கட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பேரப் பையனிடம் போட்டோ எடுக்கச் சொன்னார்.

அவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அழித்தால் கூரை நிற்கும், விட்டால் பெயரோடு சேர்த்துக் கட்டடமும் போகும் என்று சொன்னேன். பலகை செய்யலாம், நல்ல பலகையாகச் செய்யலாம் என்றும் சொன்னேன். ஒரு பெண் என் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அஞ்சலாட்சி முன்னால் வந்தார். கட்டிய பூவை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

“அந்தத் துணியக் குடுங்க டீச்சர். நீங்க தொடைக்க வேணாம். நானே தொடைக்கிறேன்.”

துடைத்தார். குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தார். அவருக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டாரும் அவரவர் ஆளின் பெயரை அவரவரே துடைத்தார்கள். நான் டப்பாவை ஏந்திக்கொண்டு தூண் தூணாக அவர்கள் பின்னால் போனேன். யாராவது என்னை நாலு வார்த்தை கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

எல்லாரும் போன பிறகு கடைசித் தூண் மட்டும் மிச்சமிருந்தது. நீங்க பண்ணுங்க அண்ணே என்று துணியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அது உங்க வூட்டு ஆளு டீச்சர்,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பிஸ்மி சொல்லித் துணியை வைத்தேன். சாகும்வரை வாப்பாவின் கையை விட்டுப் போகாதது சாயம். அவர் பெயர் ஒரே இழுப்பில் என் துணிக்கு வந்துவிட்டது.

வெளிச்சம் இருக்கும்போதே தூண்களைப் போட்டோ எடுத்துக் கலைமகளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. ‘ரொம்ப அழகா இருக்கு மேடம். அங்கே எதுவுமே நடக்காத மாதிரி இருக்கு.’