மதுப்பெட்டிக்குள் ஓர் அருவி

பாம்பு வளர்க்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வாங்கியபோது ஐம்பத்தேழு. நடுவில் அம்மா கூடாது என்றாள், விடுதிக் காப்பாளர் கூடாது என்றார், அப்புறம் பிள்ளைகள் பிறந்து அவர்களுக்கு முயல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். நாற்பத்தெட்டு வருடம் பொறுத்திருந்தவள் இனி யார் தடுத்தாலும் நிற்கப்போவதில்லை என்பது என் கணவன் போஹுமிலுக்கும் புரிந்தது.

"வாங்கிக்கோ வ்லஸ்தா," என்றான். "ஆனா வீடு நான்தான் கட்டுவேன். கடைக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் இந்த வீட்டுக்குள்ள நுழையக் கூடாது."

செக் நாட்டின் பர்துபிட்சே நகரில் எங்கள் கட்டடம் முழுக்க இதே கதைதான். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த ஆண் ஒருவன் கடையில் போய் அலமாரி வாங்கினால், அவனுக்கு உடம்புக்கு என்ன என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். போஹுமில் முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன். அவனிடம் போய் ஒரு பெட்டி வாங்கி வருகிறேன் என்று சொன்னால் மானக்கேடு.

இன்னொன்றும் இருந்தது. பிப்ரவரியில் அவன் ஓய்வு பெற்றான். அன்றிலிருந்து சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை செய்யும்போது அவன் விசில் அடிப்பான். பாட்டெல்லாம் கிடையாது, திரும்பத் திரும்ப மூன்றே சுரம். முப்பது வருடமாக நிறுத்தித் தொலை என்று அவனைத் திட்டியவள் நான்தான். அது நின்றுபோன பிறகு வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எனவே, "கட்டு ராஜா, நல்லாக் கட்டு," என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

பாம்பு வளர்த்து விற்கும் திருமதி கோசினோவா ஊருக்கு வெளியே இருந்தார். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள். பாம்புக்கு ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, ஒரு தண்ணீர்க் கிண்ணம், இரண்டு பக்கமும் உடம்பு ஒட்டுகிற மாதிரி இறுக்கமான மறைவிடம், இடுக்கு இல்லாத மூடி. அவ்வளவுதான் வேண்டும் என்றார். பிறகு விரலை உயர்த்தினார்.

"மூணு வாரம் பாப்பேன். அதுக்குள்ள அவ சாப்பிடலேன்னா திருப்பிக் கொண்டு வந்திடணும். என் குட்டியைப் பட்டினி போட்டுச் சாகடிக்க நான் விடமாட்டேன், புரியுதுங்களா?"

புரிந்தது. நான் கையெழுத்துக்கூடப் போட்டுக் கொடுத்தேன். பென்சில் தடிமன், முழங்கை நீளம், ஆரஞ்சு நிறத்தில் விஷமில்லாத ஒரு சோளப் பாம்புக் குட்டி. ஆப்ரிகாட் பழ நிறம் என்பதால் எங்கள் மொழியில் அந்தப் பழத்தின் பெயரையே அங்கேயே வைத்துவிட்டேன்: மெருன்கா. வரும் வழியெல்லாம் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் பல்லைக் காட்டிக்கொண்டே வந்தேன்.

அதற்குள் போஹுமில் வேலையை முடித்திருந்தான். எங்கள் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு அந்தக் காலத்து அலமாரி நிற்கிறது. அதன் நடுவில் கண்ணாடி பதித்த மதுப்பெட்டி, திறந்தால் விளக்கு எரியும். அதையும் பக்கத்தில் இருந்த தொலைக்காட்சி வைக்கும் பகுதியையும் ஒன்றாக இடித்து, முன்னால் சறுக்குக் கண்ணாடி போட்டிருந்தான். உள்ளே சிமெண்டில் செய்த மலை. மலைமேல் கோட்டை, கோட்டையில் கொடி. பின்னால் அவனே தீட்டிய சூரிய அஸ்தமனம். எல்லாவற்றுக்கும் மேலாக, மலையிலிருந்து மோட்டார் வைத்து விழுகிற அருவி. நிஜ அருவி!

"எப்படி?" என்றான். விசில் அடித்தான். மூன்று சுரம்.

ஏழு மாதம் கழித்து அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோசினோவா சொன்ன இறுக்கமான மறைவிடம் எங்கே என்று அப்போது நான் எப்படிக் கேட்பேன்?

"இதுல நாமளே குடியிருக்கலாம் போல," என்றேன்.

மெருன்கா உள்ளே போனாள். ஒரு சுற்று வந்தாள். மலையின் மூலையில் ஒட்டிக்கொண்டு தலையை உடம்புக்குள் புதைத்தாள். ஒரு வாரம் அவளைத் தொடக் கூடாது, தொடவில்லை. அடுத்து, உறைபெட்டியில் பிளம் கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்திருந்த எலிக் குஞ்சு ஒன்றை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியில் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்து நாள் கழித்து மறுபடி நீட்டினேன். மறுபடி திருப்பிக்கொண்டாள்.

நான் வேலை செய்யும் அஞ்சலகத்தில் மதிய இடைவேளையில் கோசினோவாவுக்குப் போன் போட்டு, வீடு எப்படி இருக்கிறது என்று விவரித்தேன். அருவி என்றதும் அவர் இடைமறித்தார்.

"அம்மா," என்றார். "பென்சில் அளவு குட்டியை ரயில் நிலையத்துல கொண்டு போய் விட்டிருக்கீங்க. பயத்துல செத்துக்கிட்டிருக்கா. அதையெல்லாம் தூக்கி எறிஞ்சிட்டு ஒரு சின்ன டப்பாவுல வைங்க. நாளைக்கே சாப்பிடுவா."

சொல்வது அவருக்கு எளிது. நான் வீட்டுக்கு வந்தபோது போஹுமில் விசில் அடித்தபடி கோட்டைக்கு ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தான்.

ஆகவே நான் திருட்டுத்தனத்தில் இறங்கினேன். அவன் குளிக்கும்போது ஒரு டிஷ்யூ பெட்டியில் ஓட்டை போட்டு மலைக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் அது குப்பைத் தொட்டியில் கிடந்தது. தயிர் டப்பா வைத்தேன். அதுவும் போனது.

"யாரு இந்தக் குப்பையை உள்ள போட்டது?" என்றான்.

"காத்துல பறந்து வந்திருக்கும்," என்றேன். பூட்டிய கண்ணாடிக்குள் என்ன காற்று? ஐம்பத்தேழு வயதில் எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் முடிய இரண்டே நாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் அவளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை போஹுமிலின் பெயர்நாள், அதாவது நாட்காட்டியில் அந்தப் பெயருக்கென்று குறித்த நாள்; எங்களுக்கு அது பிறந்தநாள் மாதிரி. வருடா வருடம் அவனுடைய அக்கா யார்மிலா கேக்கோடு வருவாள். வெள்ளி இரவு வெகு நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், கேக் வெட்டிய பிறகு சொல்லிவிடலாம் என்று கூரையைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். சொன்னால் பாம்பு பிழைக்கும், விசில் போகும். சொல்லாவிட்டால் விசில் இருக்கும், பாம்பு போகும். இரண்டையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

காலையில் அவன் போட்ட கூச்சலில்தான் விழித்தேன். எழுந்ததும் வெறுங்காலோடு பாம்பைப் பார்க்கப் போவது அவன் வழக்கமாகிவிட்டிருந்தது. போய் நின்றால், மலை இருந்தது, அருவி இருந்தது, மெருன்கா இல்லை.

மோட்டாரின் ஒயர் போக, பின்பலகையில் துளை போட்டு மக்குப் பசை வைத்து அடைத்திருந்தான். அருவியின் ஈரத்தில் மக்கு ஊறிக் கழன்று விழுந்திருந்தது. துளை கட்டைவிரல் அகலம் இருக்கும்.

தேடினோம். சோபாவைக் கவிழ்த்தோம். குளிர்பதனப் பெட்டியை நகர்த்தினோம், அதன் பின்னால் பதினோரு வருடத் தூசியும் என் காணாமல் போன தோடும் கிடைத்தன. போஹுமில் காலுறையோடு நாலு காலில் தவழ்ந்து ஒவ்வொரு குழாய் இடுக்கிலும் டார்ச் அடித்தான். கட்டடத்தின் குளிர்கால வெப்பக் குழாய்களை இன்னும் திறந்துவிடவில்லை, தரை சில்லென்று இருந்தது. அந்தக் குளிரில் பென்சில் அளவு உயிர் எத்தனை நேரம் தாங்கும் என்று நான் கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அவன் அலமாரியில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முப்பத்துநாலு வருஷம்," என்றான். "என் லிஃப்ட்ல ஒரு ஆளுகூடக் கீழ விழுந்ததில்ல. ஒரு ஆளுகூட. ஒரு புழு சைஸ் பாம்புக்கு என்னால ஒரு பெட்டி செய்ய முடியல."

"வெளிய வரத் தெரிஞ்சவளுக்கு ஒளியவும் தெரியும். கிடைப்பா," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது. யார்மிலா. கையில் கேக், வாய் நிறைய பேச்சு.

"என்ன வீடு இது, குண்டு விழுந்த மாதிரி? அந்தப் பிசாசு ஓடிப்போச்சா? ஓடிப்போச்சுன்னு சொல்லு, கும்பிடறேன்! டேய் போஹுஷ், பெயர்நாளும் அதுவுமா ஏன்டா தரையில கிடக்க?"

நடையிலேயே காலணியைக் கழற்றினாள். எங்கள் வீட்டில் விருந்தினருக்கென்று ஆறு ஜோடி வீட்டுச் செருப்பு வரிசையாக இருக்கிறது. யார்மிலாவுக்குக் கால் பெருவிரல் மூட்டு வீங்கியிருப்பதால் ஒன்றும் சேராது. போஹுமிலின் பழைய கட்டம் போட்ட கம்பளிச் செருப்புதான் வேண்டும். அகன்று தொளதொளத்து, முன்பக்கம் மூடிய செருப்பு. இருபது வருடமாகத் தூக்கிப் போடு என்கிறேன், கேட்டதில்லை. அதில் வலது காலை நுழைத்தாள். இடது காலை நுழைத்தாள். நின்றாள்.

"இன்னும் திருந்தலையா நீ? காலுறையைச் சுருட்டிச் செருப்புக்குள்ளேயே திணிச்சு வச்சிருக்க பாரு!"

போஹுமில் தன் காலைப் பார்த்தான். இரண்டு காலிலும் காலுறை இருந்தது.

என் மூளை வேலை செய்ய ஒரு நொடி ஆயிற்று.

"யார்மிலா," என்றேன், முடிந்தவரை மெதுவாக. "காலை மெதுவா எடு. அழுத்தாதே. எடுத்துட்டு அந்த ஸ்டூல்ல உக்காரு."

"ஏன், உள்ள என்ன?"

"காலுறைதான். எடு."

எடுத்தாள். எட்டிப் பார்த்தாள். செருப்பின் விரல் முனையிலிருந்து ஆரஞ்சு நிறக் காலுறை ஒன்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்து நாக்கை நீட்டியது. யார்மிலா கத்தவில்லை. கேக்கை அணைத்தபடி ஸ்டூலில் ஏறி நின்று, "சே, எவ்வளவு சின்னது," என்றாள். இத்தனை நாளும் தீயணைப்புக் குழாய் அளவில் ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தாளாம்.

நான் கையை விடப் போனேன். போஹுமில் தடுத்தான்.

"தொடாதே. இரு."

மண்டியிட்டுச் செருப்புக்குள் டார்ச்சைச் சாய்த்து அடித்தான். மெருன்கா மறுபடி விரல் முனைக்குள் போய்ச் சுருண்டுகொண்டிருந்தாள். மேலும் கீழும் பக்கமும் கம்பளி அவள் உடம்போடு ஒட்டியிருந்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் தலை வெளியே, நிதானமாகச் சுருளின்மேல் கிடந்தது. அவன் வெகு நேரம் பார்த்தான். பழுதான லிஃப்டின் கதவைத் திறந்துவிட்டு அப்படித்தான் பார்ப்பான்.

பிறகு செருப்பை அப்படியே தூக்கி, அலமாரிக்குக் கொண்டுபோய், சூடான பக்கத்தில் வைத்தான். துளையில் மரக்கட்டை அறைந்து திருகாணி போட்டான். கையை நீட்டி அருவியின் ஒயரைப் பிடுங்கினான். வீடு திடீரென்று அமைதியானது.

ஐந்து மணிக்கு எலிக் குஞ்சை இளக்கிச் செருப்பின் வாயில் பிடித்தேன். மூக்கு வெளியே வந்தது. நாக்கு இரண்டு முறை எட்டிப் பார்த்தது. அப்புறம் இடுக்கியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான், எலி செருப்புக்குள் போய்விட்டது. நான் அழுதேன். யார்மிலா ஸ்டூலிலிருந்தபடியே கைதட்டினாள்.

யார்மிலாவை அனுப்பிவிட்டு வந்து, கோசினோவாவுக்குச் செய்தி அனுப்பினேன். பிறகு தட்டுகளைக் கழுவிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஒரு வாரமா தெரியும். சின்ன டப்பா போதும்னு அந்தம்மா சொன்னாங்க."

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"தயிர் டப்பாவுக்குக் கதவு வெட்டியிருந்தியே. காத்தா கதவு வெட்டும்? நீயா வாயைத் திறப்பேன்னு பாத்துட்டே இருந்தேன்." கழுவிய தட்டை என் கையிலிருந்து வாங்கித் துடைத்தான். "ஏன் சொல்லல, வ்லஸ்தா?"

"நீ விசில் அடிச்சிட்டு இருந்த."

அவன் உள்ளே போனான். உளியும் சுத்தியலும் எடுக்கிற சத்தம் கேட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது, ஒரு காலில் செருப்பும் மறுகாலில் காலுறையுமாக, செருப்பில் தூங்குகிறவளை அசைக்காமல், கோட்டையைக் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவை சொல்லிடு," என்றான் திரும்பாமலே. "பிரிக்கிறதும் வேலைதான்."

சொல்லிவிட்டு அதே மூன்று சுரத்தை ஆரம்பித்தான்.